ஃபுளோரைடைப் பிடிக்கும் கரி: உமியும் சிரட்டையும் செய்யும் வேலை

கரி தண்ணீரைச் சுத்தமாக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. குளோரின் வாடை, சாயம், பூச்சிமருந்து என்று எத்தனையோ அழுக்கைக் கரி இழுத்துக்கொள்ளும். அதனால் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "ஒரு கரி வடிகட்டி போட்டுவிட்டால் போச்சு" என்று தோன்றும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் சாதாரணத் தண்ணீரில் வெறும் கரி ஃபுளோரைடை ஏறக்குறையக் கண்டுகொள்வதே இல்லை.

இன்னொரு பக்கம் பார்த்தால் உமிக்கரி, தேங்காய்ச் சிரட்டைக் கரி, நிலக்கடலைத் தோட்டுக் கரி, கரும்புச் சக்கைக் கரி என்று ஒவ்வொன்றாக எடுத்து, அதை வைத்து ஃபுளோரைடை நீக்கினோம் என்று ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. இரண்டில் எது சரி? இரண்டுமே சரிதான். கரிக்கும் ஃபுளோரைடுக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைச் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான் இவ்வளவு குழப்பமும்.

முதலில் ஃபுளோரைடைப் பற்றிக் கொஞ்சம். ஃபுளோரின் என்பது ஒரு வாயு, பொல்லாத வாயு. அது ஓர் எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு எதிர்மின் அயனியாக மாறி அடங்கிவிட்டால் அதுதான் ஃபுளோரைடு. நிலத்தடி நீரில் இது பெரும்பாலும் பாறையிலிருந்து வருகிறது. ஃபுளோரைட், ஃபுளோரபடைட், சில வகை மைக்கா போன்ற கனிமங்கள் கிரானைட் மாதிரியான பாறைகளிலும் எரிமலைப் பாறைகளிலும் இருக்கும். தண்ணீர் அவற்றோடு பல காலம் உரசிக்கொண்டே கிடந்தால், ஃபுளோரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வரும்.

தண்ணீரில் கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து கரையாத உப்பாகப் படிந்துவிடும். ஃபுளோரைடு ஓரளவுக்கு மேல் ஏறாது. கால்சியம் குறைந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, காரத்தன்மையோடு இருக்கும் தண்ணீரில்தான் ஃபுளோரைடு கூடிக்கொண்டே போகும். சோப்பு நன்றாக நுரைக்கிறது, குடிக்கவும் குறை சொல்ல முடியாது, ஆனால் ஃபுளோரைடு எக்கச்சக்கம் என்ற நிலை இப்படித்தான் வருகிறது. இந்த அளவுகளில் அதற்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தக் கணக்கைத்தான் காட்டும். அதில் ஃபுளோரைடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கொதிக்க வைத்தாலும் பயனில்லை. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

எவ்வளவு இருந்தால் கூடுதல்? உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் தொட்டி முழுக்க நிரம்பிய தண்ணீரில் வெறும் ஒன்றரை கிராம். வெயில் கொளுத்தும் இடங்களில் ஆட்கள் நிறையத் தண்ணீர் குடிப்பார்கள் என்பதால், அங்கே இதைவிடக் குறைவாக வைத்துக்கொள்வது நல்லது.

பல்லில் நடப்பதும் வடிகட்டியில் நடப்பதும்

1901-இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்துக்குத் தொழில் செய்யப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர், அங்கே வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதைக் கவனித்தார். தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று சந்தேகம் வந்தாலும், அது என்னவென்று தெரிய முப்பது ஆண்டுகள் ஆயின. 1931-இல் ஹெச்.வி.சர்ச்சில் என்ற வேதியியலாளர், இதே கறைப்பல் காணப்பட்ட இன்னோர் ஊரின் தண்ணீரைச் சோதித்து, அதில் லிட்டருக்கு 13 மில்லிகிராமுக்கும் மேல் ஃபுளோரைடு இருப்பதைக் கண்டுபிடித்தார். பல் மட்டும்தானா என்றால், இல்லை. பல ஆண்டுகள் இப்படிப்பட்ட தண்ணீரைக் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். 1937-இல் நெல்லூர் பகுதியிலிருந்து ஷார்ட் என்ற ஆய்வாளரின் குழுவினர் எழுதிய கட்டுரை இதைத்தான் பதிவு செய்தது.

ஃபுளோரைடு ஏன் பல்லையும் எலும்பையும் குறிவைக்கிறது? இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கட்டுரை தானாகப் புரியும். பல், எலும்பு இரண்டின் கனிமப் பகுதியும் ஹைட்ராக்சிஅபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்தான். அதன் கட்டமைப்புக்குள் வரிசையாக ஹைட்ராக்சைடு அயனிகள் உட்கார்ந்திருக்கும். ஹைட்ராக்சைடுக்கும் ஃபுளோரைடுக்கும் ஒரே மின்னூட்டம். பருமனும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே ஃபுளோரைடு வந்து, "கொஞ்சம் எழுந்திரு" என்று ஹைட்ராக்சைடைக் கிளப்பிவிட்டு அந்த இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது.

உடம்புக்குள் நடக்கிற இந்த இடமாற்றத்தை உடம்புக்கு வெளியே, ஒரு வடிகட்டிக்குள் நடத்திவிட்டால் என்ன? ஃபுளோரைடு நீக்கும் முறைகளில் பல இந்த யோசனையில்தான் ஓடுகின்றன. எலும்புக் கரி என்று பழைய முறை ஒன்று உண்டு. விலங்கு எலும்பைக் காற்று புகாமல் சுட்டெடுத்த கரி அது. ஃபுளோரைடை நன்றாகவே பிடிக்கும். ஆனால் பெயரில்தான் கரி. அதில் கார்பன் பத்தில் ஒரு பங்கு அளவுதான். மிச்சம் பெரும்பாலும் அந்த அபடைட். வேலை செய்வதும் அதுதான். பெயரை மட்டும் பார்த்துவிட்டு மரக்கரியும் அப்படியே செய்யும் என்று நினைத்தால் ஏமாற வேண்டியதுதான்.

வெறும் கரிக்கு ஏன் பிடிப்பதில்லை

கரி எதையும் கடற்பஞ்சு மாதிரி உள்ளே உறிஞ்சி வைப்பதில்லை. தன் பரப்பின் மேல் ஒட்ட வைத்துக்கொள்கிறது. இதற்குப் புறப்பரப்பு கவர்தல் என்று பெயர். நன்றாகக் கிளர்வூட்டிய, அதாவது துளைகளைத் திறந்துவிட்ட கரி ஒரு கிராமை எடுத்து, அதன் நுண்துளைகளின் சுவரையெல்லாம் விரித்துப் பரப்பினால் 500 முதல் 1500 சதுர மீட்டர் வரை வரும். விரல் நுனியில் அள்ளும் கரித்தூளுக்குள் கால் ஏக்கர் நிலம் மடிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இடம் இருந்தும் ஃபுளோரைடு ஏன் தங்க மாட்டேன் என்கிறது? கரியின் பரப்பு எண்ணெய்ப் பசை போன்ற குணம் கொண்டது. தண்ணீரோடு ஒட்டாத பொருள்களை, அதாவது சாயம், வாடை தரும் கரிமச் சேர்மங்கள் போன்றவற்றை அது விரும்பி ஏற்கும். ஃபுளோரைடோ நேர் எதிர். சின்ன அயனி, ஒரு முழு எதிர்மின்னூட்டம். அதனால் தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கமாகப் போர்த்திக்கொண்டு திரிகிறது. குளோரைடின் போர்வையைவிட இது கனமானது. அந்தப் போர்வையைக் கழற்றிப் போட்டுவிட்டு வர, கரியின் பரப்பில் ஈர்ப்பு போதாது.

ஒரே ஒரு வழி இருக்கிறது. தண்ணீரை நன்றாகப் புளிக்க வைத்தால், அதாவது அமிலமாக்கினால், கரியின் பரப்பில் நேர்மின்னூட்டம் ஏறும். அப்போது எதிர்மின் ஃபுளோரைடு வந்து ஒட்டும். 1934-லேயே மெக்கீ, ஜான்ஸ்டன் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பி.எச். என்பது அமில-கார அளவுகோல்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பி.எச். 3 அளவில் கரி ஃபுளோரைடைப் பிடித்தது; பி.எச். 8-க்குப் போனதும் கைவிட்டுவிட்டது. பி.எச். 3 தண்ணீரை யார் குடிப்பார்கள்? அமிலம் ஊற்றி வடிகட்டிவிட்டு, பிறகு காரம் ஊற்றிச் சரிசெய்ய வேண்டும். வீட்டில் ஆகிற வேலை இல்லை.

மூன்றாவது ஆள்

அந்த மூன்றாவது ஆள் ஓர் உலோகம். அலுமினியம், சிர்கோனியம், லாந்தனம், இரும்பு, கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. அதிகம் கையாளப்படுவது அலுமினியம். பிடிப்பில் கெட்டிக்காரர்கள் சிர்கோனியமும் லாந்தனமும். ஆனால் விலை கூட.

இந்த உலோகங்களின் ஹைட்ராக்சைடு, கரியின் துளைச் சுவர்களில் மெல்லிய பூச்சாகப் படிய வைக்கப்படுகிறது. ஃபுளோரைடு உள்ளே நுழைந்து சுவரைத் தொட்டதும், உலோகத்தின் கையில் இருக்கும் ஹைட்ராக்சைடைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பல்லில் பார்த்தோமே, அதே இடமாற்றம். வெளியே தள்ளப்பட்ட ஹைட்ராக்சைடு தண்ணீரோடு போய்விடும். அதனால் வெளிவரும் தண்ணீரின் பி.எச். கொஞ்சம் ஏறியிருப்பதும் உண்டு.

உலோகம்தான் வேலை செய்கிறது என்றால் கரி எதற்கு? நியாயமான கேள்வி. அலுமினியம் ஹைட்ராக்சைடை மட்டும் தனியாக எடுத்தால் அது கொழகொழவென்று இருக்கும். வடிகட்டியில் நிரப்பினால் தண்ணீர் இறங்காது. கட்டியாகக் கிடக்கும்போது உள்ளே இருக்கும் உலோகத்தை ஃபுளோரைடு எட்டவும் முடியாது. அதையே கால் ஏக்கர் சுவரில் மெல்லப் பூசிவிட்டால் ஒவ்வொரு துணுக்கும் தண்ணீர் படும் இடத்தில் இருக்கும். குறுமணிக் கரி கையில் அள்ளிப் போடக்கூடியது, இடைவெளி விட்டு நிற்பது, தண்ணீரை இறங்க விடுவது. ஆக, பிடிக்கும் கை உலோகம். அந்தக் கைகளை வரிசையாக நிறுத்தி வைக்கும் திண்ணை கரி.

படிகாரத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலக்கித் தெளிய வைக்கும் நல்கொண்டா முறையிலும் வேலை செய்வது அலுமினியம் ஹைட்ராக்சைடுதான். தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி 1970-களில் உருவாக்கிய முறை அது. அங்கே தண்ணீர் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் அளந்து போட வேண்டும், அடியில் படியும் சகதியை எடுத்துக் கொட்ட வேண்டும். வெறும் சுண்ணாம்பு மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. கால்சியம் ஃபுளோரைடு கொஞ்சமாவது கரையும் பொருள் என்பதால், சாதாரணமாக லிட்டருக்கு 8 மில்லிகிராம் வாக்கில் வந்ததும் படிவது நின்றுவிடும். நமக்கு வேண்டியது 1.5-க்குக் கீழே.

கழிவு கரியாகும் விதம்

தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொள்வோம். நார் நீக்கிக் கழுவி, காயவைத்து, சிறு சில்லுகளாக உடைக்க வேண்டும். மூடிய கலத்தில் போட்டு, காற்று அதிகம் புகாமல் 400 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். முதலில் ஈரம் போகும். அப்புறம் மஞ்சளும் வெள்ளையுமாகக் கண்ணைக் கரிக்கும் புகை வரும். தார் போல ஒன்று மூடியில் ஒட்டும். புகை அடங்கியதும் கறுத்துப்போய், தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கரி மிஞ்சும். காற்றை விட்டுவிட்டால் கரி கிடைக்காது, சாம்பல்தான் கிடைக்கும்.

இது இன்னும் பாதிக் கரிதான். துளைகள் இருக்கும், ஆனால் தாரும் கசடும் அடைத்துக்கொண்டிருக்கும். இவற்றைத் திறந்துவிடுவதுதான் கிளர்வூட்டல். 800 டிகிரிக்கு மேல் சூடான கரியின் மீது நீராவியைச் செலுத்தினால், நீராவி கார்பனை அங்கங்கே அரித்துத் துளை போடும். அல்லது கரியாக்கும் முன்பே கழிவைப் பாஸ்பாரிக் அமிலத்திலோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடிலோ ஊறவைத்துச் சூடாக்கலாம். முடிந்ததும் கழுவிக் கழுவி, தண்ணீர் நடுநிலைக்கு வரும்வரை கழுவ வேண்டும். இந்தக் கழுவலில் சோம்பல்பட்டால் பின்னால் வரும் எண்களெல்லாம் தப்பாகிவிடும்.

ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு குணம். சிரட்டைக் கரி கெட்டியானது, சாம்பல் குறைவு, துளைகள் மிக நுண்ணியவை. உமியில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல். அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. காரத்தில் வேகவைத்து அந்த சிலிக்காவைக் கரைத்துவிட்டால் அது இருந்த இடமெல்லாம் துளையாகும். கரும்புச் சக்கைக் கரி லேசானது, நொறுங்கும். நான் தேர்ந்தெடுப்பதானால், எது அதிகம் பிடிக்கிறது என்பதைப் பார்ப்பதற்கு முன் எது நொறுங்காமல் நிற்கிறது என்பதைத்தான் பார்ப்பேன். தூளாகிப்போன கரி குழாயை அடைத்துவிடும்.

இங்கே ஒரு சின்ன ஏமாற்று உண்டு. சில கழிவுகளின் சாம்பலில் கால்சியம் இருக்கும். அந்தக் கரியைச் சரியாகக் கழுவாமல் அப்படியே ஃபுளோரைடுத் தண்ணீரில் போட்டால், உலோகப் பூச்சு இல்லாமலேயே கொஞ்சம் ஃபுளோரைடு குறையும். "பார்த்தீர்களா, வெறும் கரியே போதும்" என்று தோன்றும். அந்தக் கால்சியம் கரைந்து தீர்ந்ததும் கதை முடிந்தது.

உலோகப் பூச்சுக்கு, கரியை அலுமினியம் சல்பேட் கரைசலில் மணிக்கணக்கில் ஊறவைத்து, கலக்கிக்கொண்டே காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பி.எச். நடுநிலையை நெருங்கும்போது அலுமினியம் ஹைட்ராக்சைடு துளைகளுக்குள் படியும். பிறகு கழுவி, மிதமான சூட்டில் உலர்த்த வேண்டும். உலோகம் அதிகமானால் நல்லதுதானே என்று அள்ளிப் போட்டால் துளைவாயே அடைபட்டு, கால் ஏக்கர் நிலத்துக்குப் பூட்டுப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

எண்பது சதவீதம் என்றால் என்ன

ஆய்வுக் கட்டுரைகளில் "80 சதவீதம் நீக்கியது", "95 சதவீதம் நீக்கியது" என்று பார்த்ததும் மயங்கிவிடக் கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கூம்புக் குடுவையில் 100 மில்லி தண்ணீர். அதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு. குடுவைக்குள் இருப்பது மொத்தம் அரை மில்லிகிராம். அரை கிராம் கரியைப் போட்டுக் குலுக்குகிறோம். சில மணி நேரம் கழித்து வடிகட்டி அளந்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம். எண்பது சதவீதம் போய்விட்டது! ஆனால் கரி பிடித்தது 0.4 மில்லிகிராம்தான்; கிராமுக்கு 0.8 மில்லிகிராம். இதே விகிதத்தில் ஒரு வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 20 லிட்டர் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், தினமும் 100 கிராம் கரி. மாதத்துக்கு மூன்று கிலோ.

கரியைக் கூட்டிக்கொண்டே போனால் சதவீதம் ஏறிக்கொண்டே போகும். அதில் ஒரு சாமர்த்தியமும் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, ஒரு கிராம் எத்தனை மில்லிகிராம் பிடிக்கிறது என்பது. அதிலும் எந்தச் செறிவில் என்று கேட்க வேண்டும். சுவரில் இடங்கள் எண்ணிக்கையாக இருக்கின்றன, எல்லாம் நிரம்பினால் அதற்கு மேல் இல்லை என்று சொல்லும், லாங்மியூர் என்ற வேதியியலாளரின் சமன்பாட்டை வைத்து உச்ச அளவு ஒன்றைக் கணக்கிடுவார்கள். லிட்டருக்கு 100 மில்லிகிராம் போட்டுச் சோதித்து வந்த உச்ச எண், 3 மில்லிகிராம் இருக்கும் கிணற்றுத் தண்ணீரில் கிடைக்கவே கிடைக்காது. கூட்டம் நெருக்கினால்தான் எல்லா இருக்கையும் நிரம்பும்.

தூணாக நிரப்பி மேலிருந்து தண்ணீர் விடும் முறை இதைவிடச் சிக்கனம். மேல் அடுக்கு முதலில் நிரம்பும், அப்புறம் அதற்குக் கீழ் அடுக்கு என்று இறங்கிக்கொண்டே வரும். கிராமுக்கு 1 மில்லிகிராம் பிடிக்கும் ஒரு கிலோ கரி இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு லிட்டரிலும் 4 மில்லிகிராம் குறைக்க 250 லிட்டர் வரை தாங்கும். நாளைக்கு 20 லிட்டர் என்றால் பன்னிரண்டு நாள் சொச்சம். அதன்பின் ஃபுளோரைடு சத்தமில்லாமல் கீழே வரத் தொடங்கும். தண்ணீர் முந்தாநாள் இருந்த மாதிரியேதான் இருக்கும். ஆபத்து அங்கேதான்.

குடுவைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும்

ஆய்வகத்தில் பெரும்பாலும் காய்ச்சி வடித்த நீரில் சோடியம் ஃபுளோரைடைக் கரைத்துச் சோதிப்பார்கள். அங்கே இடத்துக்குப் போட்டி கிடையாது. நிலத்தடி நீரில் பைகார்பனேட் இருக்கும், சில இடங்களில் பாஸ்பேட்டும் இருக்கும். இரண்டும் அதே உலோகத்தின் மேல் கண் வைத்தவை, பாஸ்பேட் ரொம்பவே. குளோரைடும் நைட்ரேட்டும் அவ்வளவாகத் தொந்தரவு தருவதில்லை.

பி.எச். இன்னொரு சிக்கல். உலோகம் பூசிய கரிகள் பெரும்பாலும் 5-க்கும் 7-க்கும் நடுவில் நன்றாக வேலை செய்யும். காரம் ஏறினால் பரப்பு எதிர்மின்னூட்டம் பெற்று ஃபுளோரைடைத் தள்ளிவிடும். ஹைட்ராக்சைடும் கூட்டமாக வந்து இடத்தைத் திரும்பக் கேட்கும். 3-க்குக் கீழே போனால் ஃபுளோரைடு மின்னூட்டம் இழந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடாக மாறிவிடும், பூச்சும் கரையும். இப்போது கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னதை நினைத்துப் பாருங்கள். ஃபுளோரைடு அதிகமாக இருக்கும் தண்ணீர்தான் பைகார்பனேட் மிகுந்த, காரமான தண்ணீர். கரிக்கு எது ஆகாதோ அது கூடவே வருகிறது. குடுவையில் ஜெயித்த பல கரிகள் கிணற்றடியில் தோற்பதற்கு இது முக்கியக் காரணம்.

நிரம்பிய கரியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஓடவிட்டால் ஹைட்ராக்சைடு கூட்டமாக வந்து ஃபுளோரைடைக் கிளப்பிவிடும். பிறகு நீர்த்த அமிலத்தால் சரிசெய்து மறுபடி உபயோகிக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் பூச்சு கொஞ்சம் கரைந்து போகும், பிடிப்பும் குறையும். கழுவி வந்த நீரில் ஃபுளோரைடு செறிந்து கிடக்கும். அதை மண்ணில் ஊற்றினால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். கால்சியம் உப்பு சேர்த்து, பெரும்பகுதியைக் கெட்டியாகப் படிய வைத்து எடுக்க வேண்டும்.

இன்னொன்று. ஃபுளோரைடு போய் அலுமினியம் வந்துவிடக் கூடாது. வெளிவரும் தண்ணீரில் இரண்டையும் அளக்க வேண்டும். அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் படிகாரத்தில் கரியை ஊறவைத்து வீட்டில் வடிகட்டி செய்து குடிக்கத் தொடங்க வேண்டாம். செய்து பார்க்கலாம், அளந்து பார்க்கலாம். குடிப்பது வேறு விஷயம்.

அளக்க எளிய வழி ஒன்று உண்டு. சிர்கோனியமும் ஒரு சிவப்புச் சாயமும் சேர்ந்த கரைசலைச் சோதனைத் தண்ணீரில் விட வேண்டும். ஃபுளோரைடு இல்லையென்றால் சிவப்பு அப்படியே நிற்கும். இருந்தால், அது சாயத்தின் பிடியிலிருந்து சிர்கோனியத்தைப் பறித்துக்கொள்ளும், நிறம் வெளுக்கும். வடிகட்டிக்குள் ஃபுளோரைடைப் பிடிப்பதும் உலோகத்தின் மேல் அதற்கு இருக்கும் அதே ஆசைதான். வாரம் ஒரு முறை, வடிகட்டிக்கு முன் பிடித்த தண்ணீர் ஒரு குழாயிலும் பின் பிடித்தது ஒரு குழாயிலுமாக வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி வெளுக்கும்வரை காத்திருக்கக் கூடாது; பின் பிடித்ததும் வெளுக்கத் தொடங்கினாலே கரியை மாற்ற வேண்டும்.